ஐந்து தாலந்தும் இரண்டு தாலந்தும்

(ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று சிறந்து விளங்கிய முன்னாள் மாணவர்களைக் குறித்து இன்று மாலை பேசும்படி கமிட்டியார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஏன் வேலூர் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம்முடையதைப் போன்ற மிஷன் மருத்துவமனைகள் பலவற்றுக்கு டாக்டர்களும் நர்ஸ்களும் அங்கிருந்தே வருகிறார்கள். நீங்கள் தருகிற காணிக்கையில் ஒரு பங்கு, சபைகள் அனுப்பும் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. ஆகவே அந்தக் கல்லூரியின் கணக்கு ஒரு வகையில் உங்கள் கணக்கும்தான்.

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தங்கள் முன்னாள் மாணவர்களைக் கௌரவிக்கும் விழாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சால்வை போர்த்துவார்கள். பெற்ற பட்டங்கள், வகித்த பதவிகள், போய்வந்த நாடுகள் எல்லாவற்றையும் வாசிப்பார்கள். அதில் தவறில்லை. கனம்பண்ண வேண்டியவர்களைக் கனம்பண்ணுவது நல்லது. ஆனால் காணிக்கை கொடுத்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி வேறு. "ஐயரே, நாங்கள் படிக்கவைத்த பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? நாங்கள் கொடுத்தது பலன் தந்ததா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமானால், பலன் என்பதை எந்தப் படியால் அளப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

மத்தேயு 25-ம் அதிகாரத்திலுள்ள தாலந்துகளின் உவமை உங்களுக்குத் தெரியும். ஒரு தாலந்து என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஏறக்குறைய இருபது ஆண்டுக் கூலி. எனவே இரண்டு தாலந்து பெற்றவனும் கொஞ்சமாகப் பெற்றவன் அல்ல. ஐந்து பெற்றவன் பத்தாக்கினான், இரண்டு பெற்றவன் நான்காக்கினான். நான் செமினரியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் இருபத்தோராம் வசனத்தையும் இருபத்துமூன்றாம் வசனத்தையும் கிரேக்க மொழியில் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். எஜமான் சொன்ன பாராட்டு இருவருக்கும் ஒன்றே, ஒரு சொல்கூடக் கூடவுமில்லை குறையவுமில்லை. யார் அதிகம் சேர்த்தான் என்று எஜமான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பெற்றது பெருகியதா, புதைந்து கிடந்ததா என்று மட்டும் பார்த்தார். இந்தப் படியைக் கையில் வைத்துக்கொண்டு சிலருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒரு மாணவி

வேலூர்க் கல்லூரியைத் தொடங்கியவரே ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவிதான். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தகப்பனார் மிஷனரி மருத்துவர். பாட்டனார் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியம் செய்தவர். ஐடாவுக்கு மட்டும் மிஷனரியாகும் எண்ணமே இல்லை. 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிமாருக்காக மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து உதவி கேட்டார்கள். ஐடாவோ மருத்துவம் படித்தவர் அல்ல. மருத்துவரான தகப்பனாரோ ஆண் என்பதால் அவரை அழைத்துச் செல்ல அவர்கள் இணங்கவில்லை. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தக் காலையில் எடுத்த தீர்மானத்தோடு அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902-ல் மருத்துவமனை எழும்பியது.

கைராசிக்கார டாக்டரம்மா என்று பேரெடுத்து அவர் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு பெண் எத்தனை கிராமங்களுக்குப் போக முடியும்? தன்னைப்போல் நூறு பேர் வேண்டும் என்று கண்டார். 1909-ல் நர்சிங் பயிற்சியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். பெண்கள் மருத்துவம் படிக்க வருவார்களா என்று அரசாங்க மருத்துவத் துறையின் பெரிய அதிகாரிக்கே சந்தேகம். மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றாராம். வந்த விண்ணப்பங்களோ பல மடங்கு. அந்த முதல் வகுப்பு மாணவிகள் மாகாணத் தேர்வில் ஒருவர் விடாமல் தேறினார்கள்.

பின்னர் அரசாங்கம் பழைய டிப்ளமோ படிப்பை நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்றது. பள்ளியை மூடவேண்டிய நிலை வந்தது. அப்போது எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அம்மையார் கடல் கடந்து சென்று ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டப்படிப்பு ஆரம்பமானது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960-ல் அம்மையார் கண்மூடினார். கார்னெல் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது ஒரு பட்டம். அந்த ஒன்றிலிருந்து எத்தனை ஆயிரம் டாக்டர்களும் நர்ஸ்களும் உருவானார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் ஒரு அறுவை மருத்துவர்

அடுத்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கேரளத்தில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்றவர். பெண்கள் நல மருத்துவத்தில் தேர்ச்சிபெற வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1954 ஜனவரியில், உடன் வேலை செய்கிறவர்களோடு வேனில் உல்லாசப் பயணம் போனபோது விபத்து நேர்ந்தது. முகத்தில் கடுமையான காயம். தண்டுவடம் அறுபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயிற்று. இருபத்தெட்டு வயது. "இனி நான் யாருக்குப் பயன்படுவேன்?" என்று கேட்கிற நோயாளிகளை நம் வார்டுகளில் நான் சந்திக்கிறேன். பேச்சினால் மட்டும் ஆற்றக்கூடிய துக்கம் அல்ல அது.

அப்போது வேலூரில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டு அவருக்கு ஒரு வழி காட்டினார். தொழுநோய் கையின் நரம்பைத் தாக்கும்போது விரல்களை நீட்டும் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பறவையின் கால்போல் மடங்கிவிடுகின்றன. முன்கையில் நல்ல நிலையிலுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, வழிமாற்றி விரலில் இணைத்தால், மடங்கிய விரல் மறுபடி நிமிரும். மணிக்கணக்கில் நுணுக்கமாகச் செய்யவேண்டிய இந்த அறுவைக்கு மருத்துவர் நிற்கவேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். டாக்டர் மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைக் கற்றுக்கொண்டார். தம் கால்களை இழந்த பெண் பிறருடைய கைகளைத் திறந்துவிட்டார்.

அதோடு அவர் திருப்தியடையவில்லை. ஆஸ்திரேலியாவிலும், பின்பு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பவரிடமும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்குத் திரும்பினார். அவர் தலைமையில் 1966-ல் வேலூரில் நம் நாட்டுக்கே முன்னோடியான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரம் ஏறி விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்தவர் என்று பலரும் அங்கே வந்தார்கள். படுக்கைப் புண் வராமல் உடம்பைத் திருப்பிக்கொள்ளவும், சிறுநீர்ப்பையைக் கவனித்துக்கொள்ளவும், சக்கர நாற்காலியில் தாமே ஏறி இறங்கவும், வீட்டிலிருந்து ஒரு தொழிலைச் செய்யவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கற்றுக்கொடுத்த டாக்டரும் சக்கர நாற்காலியிலேயே வந்தார் என்பது எந்த மருந்தும் தராத தைரியத்தை அவர்களுக்குத் தந்திருக்கும். 1972-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் அவர் மறைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரியமானவர்களே, விபத்துக்குமுன் அவரிடம் ஐந்து தாலந்து இருந்ததென்றால், விபத்துக்குப்பின் இரண்டுதான் எஞ்சியது என்று மனுஷர் சொல்வார்கள். எஞ்சிய இரண்டை அவர் புதைத்து வைக்கவில்லை.

ஜாம்கெட்டில் ஏற்றிய விளக்கு

மூன்றாவதாக ஒரு தம்பதி. டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபல் ஆரோளே. இருவரும் வேலூரில் ஒன்றாகப் படித்து, வகுப்பில் முன்னணியில் நின்றவர்கள். விரும்பியிருந்தால் எந்த நகரத்திலும் பெரிய பதவியில் அமர்ந்திருக்கலாம். முதலில் மகாராஷ்டிரத்தில் வடாலா என்னும் ஊரின் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்தார்கள். அங்கே ஒன்று அவர்கள் மனதை உறுத்தியது. குணமாகிப் போன குழந்தை அதே வியாதியோடு திரும்பி வந்தது. வியாதி ஊரில் இருந்தது, மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று, 1970-ல் வறட்சியால் வாடிய ஜாம்கெட் என்னும் பகுதிக்குச் சென்றார்கள். அது அன்றைய அகமத்நகர், இன்றைய அகில்யாநகர் மாவட்டத்தில் உள்ளது. பழைய கால்நடை மருந்தகம் ஒன்றில் வேலையைத் தொடங்கினார்கள்.

மக்கள் முதலில் கேட்டது மாத்திரையல்ல, தண்ணீரும் ஆகாரமும். ஆகவே டாக்டர்கள் கிணறு தோண்டுவதில் இறங்கினார்கள். குழாய்க் கிணறுகளைத் தலித் மக்கள் குடியிருக்கும் பகுதிகளில் அமைத்தார்கள். தண்ணீர் வேண்டுமானால் மேல்சாதியார் அந்தத் தெருவுக்கு வரவேண்டியதாயிற்று. தீண்டாமையைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யாமல் அதை அசைத்துவிட்டார்கள்.

அதன்பின் செய்ததே பெரிய காரியம். படித்த நர்ஸ்கள் கிராமத்தில் தங்க முடியாமல் திரும்பியபோது, ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தார்கள். பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வாரந்தோறும் ஜாம்கெட்டுக்கு வந்து கற்றார்கள். சுத்தமாகப் பிரசவம் பார்ப்பது, பேதியில் வாடும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது, எடை குறைந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது, தொழுநோயின் முதல் தேமலை அடையாளம் காண்பது ஆகியவற்றைக் கற்று ஊருக்குத் திரும்பினார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 170-க்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த பகுதியில், அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிப் பல மடங்கு குறைந்தது. 1979-ல் மகசேசே விருது இத்தம்பதியைத் தேடி வந்தது. உலகெங்குமிருந்து டாக்டர்கள் ஜாம்கெட்டுக்கு வந்து அந்தக் கிராமத்துப் பெண்களிடம் பாடம் கேட்டார்கள்.

1988-ல் அமெரிக்கத் தலைநகரில் நடந்த ஒரு மாநாட்டில், ஜாம்கெட்டின் கிராமச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் பேசினார். மண்டபத்தின் கூரையில் கொத்துக்கொத்தாகத் தொங்கிய அலங்கார விளக்குகளைச் சுட்டிக்காட்டினார். பெரிய டாக்டர்கள் அவற்றைப்போல, அழகானவர்கள், விலை உயர்ந்தவர்கள், எங்கள் கைக்கு எட்டாதவர்கள் என்ற கருத்தில் பேசினார். பின்பு தம் பையிலிருந்து சிறு திரி விளக்குகளை எடுத்தார். இது மலிவானது, ஆனால் இதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றலாம், கூரையில் தொங்குவதிலிருந்து ஏற்ற முடியாது என்றார். பல்கலைக்கழகப் பட்டதாரிகள் நிறைந்த சபையில், பள்ளிக்கூடத்து வாசலைச் சரியாக மிதிக்காத ஒரு பெண் சொன்ன விளக்கம் அது. தாலந்துகளின் உவமைக்கு நான் கேட்ட வியாக்கியானங்களில் இது சிறந்தது.

டாக்டர் மேபல் 1999-லும், டாக்டர் ரஜனிகாந்த் 2011-லும் நித்திரையடைந்தார்கள். ஜாம்கெட்டில் வேலை தொடர்கிறது.

ஆய்வுக்கூடமும் ஊழியமே

அப்படியானால் கிராமத்துக்குப் போனவர்கள் மட்டும்தான் பலன் தந்தார்களா? அப்படி எண்ணக்கூடாது. டாக்டர் ககன்தீப் காங் 1980-களில் வேலூரில் மருத்துவப் பட்டமும், பின்பு அங்கேயே நுண்ணுயிரியலில் மேற்பட்டமும் பெற்றவர். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் பெருமையாகப் பேசக்கூடிய ஒன்றல்ல, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. அதற்கு முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ். வேலூரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை அவருடைய குழுவினர் மூன்று ஆண்டுகள் வீடு வீடாகப் பின்தொடர்ந்து மலத்தைப் பரிசோதித்தார்கள். 373 குழந்தைகள் அந்த மூன்று ஆண்டையும் நிறைவு செய்தார்கள். ஒருமுறை இந்த வைரஸ் தாக்கினால் பிற நாடுகளில் கிடைக்கும் பாதுகாப்பு நம் குழந்தைகளுக்கு அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை என்று 2011-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

பின்பு நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவாக் என்னும் சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2016 முதல் இந்தியாவின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்ந்தது. 2019-ல் இலண்டன் ராயல் சொசைட்டி டாக்டர் காங்கைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அந்தப் பெருமையில், பேர் தெரியாத வேலூர்த் தாய்மார்களுக்கும், தினம் படியேறி இறங்கிய களப்பணியாளர்களுக்கும் பங்குண்டு. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றரை மாதக் குழந்தையின் வாயில் அந்த மருந்து புகட்டப்படும்போது, உங்கள் தாலந்தும் அதில் ஒரு துளியாக இருக்கிறது என்று நான் சொல்வேன்.

பேர் வாசிக்கப்படாதவர்கள்

இதுவரை சொன்னவர்கள் உலகமே அறிந்தவர்கள். ஆனால் கணக்கு அவர்களோடு முடியவில்லை. வேலூரில் ஆண்டுதோறும், வசதியில்லாத இடங்களில் நீண்டகாலம் உழைத்த முன்னாள் மாணவர்களுக்கு, அரேபியாவில் ஊழியம் செய்த மிஷனரி அறுவை மருத்துவர் பால் ஹாரிசன் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். பிறரிடம் பணிவிடை பெற அல்ல, பணிவிடை செய்யவே வந்தோம் என்ற பொருளுள்ள குறிக்கோளைக் கொண்ட கல்லூரிக்கு ஏற்ற விருது அது. அப்படிப்பட்டவர்கள் அநேகர் மலைப்பகுதிகளிலும் வடநாட்டுக் கிராமங்களிலும் ஒரே டாக்டராக இருந்து, பகலில் பிரசவமும் இரவில் பாம்புக்கடியும் பார்த்து, ஜெனரேட்டரையும் தாமே பழுது பார்த்து வாழ்கிறவர்கள். நர்ஸ்களைச் சொல்லவே வேண்டாம். 1946-ல் நம் நாட்டில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியபோது அதைத் தொடங்கிய முதல் நிலையங்களில் வேலூரும் ஒன்று. அங்கே பயின்ற நர்ஸ்கள் எத்தனை ஆஸ்பத்திரிகளில் நர்சிங் பள்ளிகளை நடத்துகிறார்கள்! அவர்கள் பெயரை எந்த மேடையிலும் வாசிப்பதில்லை.

வெளிநாடு போனவர்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. அவர்களை நாம் இழந்துவிட்டோம் என்று சிலர் கசப்போடு பேசுகிறார்கள். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேலூரைத் தாங்கும் அமைப்புகளில் முன்னாள் மாணவர்கள் உண்மையாய்ப் பங்கெடுக்கிறார்கள். தாலந்து தூரத்தில் இருந்தாலும் பெருகலாம், பக்கத்தில் இருந்தும் புதைந்து கிடக்கலாம்.

இனி நம் பங்கு

ஆனாலும் உண்மையை மறைக்கக்கூடாது. மிஷன் மருத்துவமனைகளுக்கு இன்று பெரிய பாரம் டாக்டர்கள் இல்லாததே. சில ஊர்களில் நம் முன்னோர் கட்டிய கட்டடம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. சபையின் ஆதரவில் படிக்கும் மாணவர், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்ய ஒப்புக்கொள்கிறார். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பல மருத்துவமனைகள் என்றோ பூட்டப்பட்டிருக்கும்.

முன்பெல்லாம் வேலூரில் நாட்கணக்கில் நேர்முகத் தேர்வு நடத்தி, ஊழிய மனமுள்ளவரா என்று பார்த்து எடுத்தார்கள். நீட் தேர்வு கட்டாயமானபோது, 2017-ல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டுக் கல்லூரி நீதிமன்றத்தின் முடிவுக்குக் காத்திருந்தது. 2020 ஏப்ரலில், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மதிப்பெண்ணே இப்போது முதல் வாசல். மதிப்பெண் ஊழிய மனதைக் காட்டாது. அந்த மனதை உருவாக்கும் பொறுப்பு முன்னைவிட அதிகமாகச் சபையின்மேல் விழுந்திருக்கிறது.

இரண்டு ஆண்டு முடிந்ததும் போய்விடுகிறார்களே என்கிறீர்கள். ஏன் போகிறார்கள் என்று அவர்களிடமே நான் பேசியிருக்கிறேன். பணத்தாசை என்று ஒரே வார்த்தையில் முடிக்க என்னால் கூடவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி இல்லை. மழைக்கு ஒழுகாத வீடு இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க இன்னொரு டாக்டர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்பிவைத்த சபை அதன்பின் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. டாக்டர் மேரிக்கு ஒரு பால் பிராண்டு இருந்தார். டாக்டர் ரஜனிகாந்துக்கு மேபல் இருந்தார். தனியாக விடப்பட்டிருந்தால் அவர்களும் சோர்ந்துபோயிருக்கக்கூடும்.

ஆகவே உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன். முதலாவது, படிப்புக்கு மட்டுமல்ல, படித்தவர் தங்குவதற்கும் கொடுங்கள். டாக்டர் குடியிருப்பைப் பழுதுபார்ப்பதும் ஊழியம்தான். அறுவை அறைக்கு நல்ல விளக்கு வாங்குவதும், நர்ஸ்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதும் அப்படியே. இரண்டாவது, உங்கள் சபை அனுப்பிய மாணவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபியுங்கள். விடுமுறையில் வந்தால் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். ஊழியத்துக்குச் சென்றபின் மாதம் ஒரு கடிதமாவது எழுதுங்கள், போனிலாவது பேசுங்கள். மூன்றாவது, உங்கள் சபையிலேயே ஓய்வுபெற்ற டாக்டர்களும் நர்ஸ்களும் ஆசிரியர்களும் இருப்பார்கள். ஆண்டில் ஒரு மாதம் மிஷன் மருத்துவமனைக்கு வர இயலுமா என்று அவர்களைக் கேளுங்கள். முன்னாள் மாணவருக்கு ஓய்வுபெறும் வயது உண்டு, தாலந்துக்கு இல்லை.

"நாங்கள் கொடுத்தது பலன் தந்ததா?" என்று கேட்டவர்களுக்கு இதுவே என் பதில்: தந்திருக்கிறது, நீங்கள் நினைத்ததற்கும் மேலாகத் தந்திருக்கிறது. ஆனால் பலன் என்பது ஒருமுறை அறுத்துக் களஞ்சியத்தில் வைத்துவிடுகிற காரியம் அல்ல. இந்த ஆண்டு கல்லூரியில் காலெடுத்து வைக்கும் பிள்ளைகள் இன்னும் இருபது ஆண்டு கழித்து எப்படிப்பட்ட முன்னாள் மாணவர்களாக இருப்பார்கள் என்பது அவர்கள் கையில் மட்டுமல்ல, இன்று நம் கையிலும் இருக்கிறது.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்து, நீங்கள் தாங்குகிற இந்த ஊழியத்தைத் திடப்படுத்துவாராக. ஆமென்.